சலித்துப் போனவர்களும் திரும்பி வந்தவர்களும்

ஹாம்கள், அதாவது லைசென்ஸ் வாங்கிச் சொந்த வானொலிக் கருவியில் பொழுதுபோக்காகப் பேசுகிற ஹாம் ரேடியோ நண்பர்கள், நாலு பேர் சேர்ந்தால் எங்களுக்கான செயற்கைக்கோள்களைப் பற்றிய பேச்சு கொஞ்ச நேரத்தில் புலம்பலில் போய் முடிகிறது. "இப்ப மேல என்ன இருக்கு? நல்லதெல்லாம் போயிருச்சு. இருக்கிற ஒண்ணு ரெண்டுலயும் கத்துறவன் கத்திக்கிட்டே இருக்கான்." நானும் பல வருடம் இதைச் சொன்னவன்தான், மனதார நம்பித்தான் சொன்னேன், அதில் பாதி உண்மையும்கூட. மீதிப் பாதியைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்தப் பக்கம் புதிதாக வருகிறவர்களுக்காக முதலில் கொஞ்சம் முன்கதை. ஸ்புட்னிக் போய் நாலே வருடத்தில், 1961 டிசம்பர் 12 அன்று, கலிஃபோர்னியாவில் சில ஹாம்கள் தங்கள் வீட்டுப் பட்டறைகளில் செய்த ஆஸ்கார்-1 என்ற சின்னப் பெட்டி வானத்துக்குப் போனது. அமெரிக்க விமானப்படை ராக்கெட்டில் எடையைச் சமன்செய்ய ஒரு கட்டை வைப்பார்கள், அந்தக் கட்டையின் இடத்தை இந்தப் பெட்டிக்குக் கொடுத்தார்கள். அது செய்த ஒரே வேலை மோர்ஸில் "ஹை" என்று சொல்லிக்கொண்டே இருந்தது, நாலு புள்ளி, இரண்டு புள்ளி, அவ்வளவுதான். மூன்று வாரம் போலப் பேட்டரி தாங்கியது. 28 நாடுகளிலிருந்து ஹாம்கள் அதைக் கேட்டு அறிக்கை அனுப்பினார்கள். 1969-இல் ஆம்சாட் என்ற அமைப்பு அமெரிக்காவில் தொடங்கியது, அப்புறம் ஜெர்மனி, இங்கிலாந்து, ஜப்பான், இந்தியா என்று ஒவ்வொரு நாட்டிலும் தனித்தனி ஆம்சாட்கள். இவற்றில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோருக்குச் சம்பளம் கிடையாது. பகலில் ஆபீஸ், ராத்திரியில் சர்க்யூட் போர்டு என்று வாழ்கிறவர்கள். சிலர் ரிட்டயர் ஆனவர்கள். ராக்கெட்டில் யாராவது ஓசியாகவோ குறைந்த காசுக்கோ இடம் கொடுத்தால்தான் இவர்கள் செய்தது மேலே போகும். மேலே போன பிறகு உலகத்தில் எந்த ஹாமும் அதைப் பயன்படுத்தலாம், கட்டணம் எதுவும் இல்லை.

எனக்கு இந்தப் பித்து பிடித்தது விஓ-52 காலத்தில். இஸ்ரோ செய்த ஹாம்சாட் அது. 2005 மே 5 அன்று கார்ட்டோசாட்-1 கூடவே பிஎஸ்எல்வி சி-6 ராக்கெட்டில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது, அங்கே இரண்டாவது ஏவுதளத்திலிருந்து போன முதல் ராக்கெட்டே அதுதான். 42.5 கிலோ எடை. உள்ளே இரண்டு டிரான்ஸ்பாண்டர்கள் (ஒரு அலைவரிசையில் வாங்கி இன்னொன்றில் திருப்பி அனுப்பும் கருவிகள்), ஒன்று நம் ஊரில் செய்தது, இன்னொன்று நெதர்லாந்தில் மாணவராக இருந்த வில்லியம் லெயெனார் என்ற ஹாம் செய்தது. ஒரு நாட்டின் விண்வெளி நிறுவனம் ஹாம்களுக்காகவே ஒரு செயற்கைக்கோளை செய்து, அதில் அயல்நாட்டு மாணவர் ஒருவரின் போர்டுக்கும் இடம் கொடுத்தது என்பதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பெருமையாக இருக்கிறது. 435 மெகாஹெர்ட்ஸில் நாம் பேசினால் 145-இல் அது இறக்கிக் கொடுக்கும். கோவில்பட்டி மொட்டை மாடியில் கையில் யாகி ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டு பேசினால் கொழும்பு வரும், தாய்லாந்து வரும், வளைகுடாவிலிருந்து யாராவது நம் அழைப்புக் குறியைத் திருப்பிச் சொல்வார்கள். செயற்கைக்கோள் தலைக்கு மேலே கடந்து போவது, நாங்கள் பாஸ் என்று சொல்வது, சில நிமிடங்கள்தான், அதற்குள் பெயர், ஊர், சிக்னல் எப்படி, 73 (ஹாம் மொழியில் வாழ்த்துகள்), முடிந்தது.

ஒன்பது வருடம் ஓடிய பிறகு, 2014 ஜூலையில், லித்தியம் பேட்டரி போய் அது நின்றுவிட்டது. எங்களில் பலருக்கு வீட்டில் ஒருவர் போன மாதிரி இருந்தது, அது மிகை இல்லை.

அதற்கு முன்பே, 2011 நவம்பரில், ஏஓ-51 என்ற இன்னொரு ஹாம் செயற்கைக்கோள் போயிருந்தது, அதுவும் பேட்டரிதான். மூத்த ஹாம்களிடம் பேசினால் அவர்களுக்கு இதைவிடப் பெரிய காயம் ஒன்று இருந்தது, ஏஓ-40. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தச் சமூகத்தின் மனநிலை முழுக்க அந்த ஒரு செயற்கைக்கோளில் இருக்கிறது. ஜெர்மானிய ஹாம்கள் முன்னால் நிற்க, பல நாட்டு ஹாம்கள் பத்து வருடத்துக்கும் மேல் சேர்ந்து உழைத்துச் செய்த 600 கிலோவுக்கும் மேலான ராட்சதப் பெட்டி. நீள்வட்டப் பாதையில் மணிக்கணக்காக உயரத்தில் தங்கும்படி திட்டம், அப்படி இருந்தால் பாதி உலகத்தோடு நிதானமாகப் பேசலாம். 2000 நவம்பர் 16 அன்று கூரூவிலிருந்து ஏரியன்-5 ராக்கெட்டில் போனது. டிசம்பர் 13 அன்று, அதன் பெரிய மோட்டாரைப் பயன்படுத்தும் முயற்சிகளுக்கு நடுவில், உள்ளே ஏதோ வெடித்து மொத்தமாக மௌனமாகிவிட்டது. பத்து வருட வேலை ஒரு மாதத்தில். அன்றைக்கு அதில் உழைத்தவர்கள் எப்படித் தூங்கியிருப்பார்கள் என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன்.

ஆனால் கட்டளை நிலையம் நடத்திய ஹாம்கள் விடவில்லை, கேட்கிறதா கேட்கவில்லையா என்று தெரியாத பெட்டிக்குத் தொடர்ந்து கட்டளை அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். டிசம்பர் 25 அன்று 2401 மெகாஹெர்ட்ஸில் அதன் பீக்கன், அதாவது தான் இருப்பதைச் சொல்லி விடாமல் அனுப்பும் சிக்னல், திரும்ப வந்தது. பல டிரான்ஸ்மிட்டர்கள் போய்விட்டன, திட்டமிட்ட பாதைக்குப் போக முடியவில்லை, ஆனாலும் மிச்சம் இருந்ததை வைத்து மூன்று வருடம் போல உலகமே அதில் பேசியது. 2004 ஜனவரியில் பேட்டரி அதையும் முடித்து வைத்தது.

அதன் பிறகு வந்த வருடங்கள்தான் உண்மையான சலிப்பு. அந்த மாதிரி உயரப் பாதைக்குப் போக ராக்கெட்டில் ஓசி இடம் கிடைப்பது நின்றே போனது. ஜெர்மானியர்கள் பி3-இ என்று அடுத்ததைச் செய்துகொண்டிருந்தார்கள், ஏற்றிவிட ராக்கெட்டுக்குக் காசு இல்லை. அமெரிக்காவின் ஆயுத ஏற்றுமதிச் சட்டம் செயற்கைக்கோள் பாகங்களையும் ஆயுதப் பட்டியலில் வைத்திருந்ததால், முன்பு ஒரே மேசையில் உட்கார்ந்து வேலை செய்த அமெரிக்க ஹாமும் ஜெர்மானிய ஹாமும் ஒரு சர்க்யூட் படத்தைப் பகிர்ந்துகொள்ளவே வக்கீலைக் கேட்க வேண்டிய நிலை. காசு இல்லை, ராக்கெட் இல்லை, கூட்டு முயற்சி இல்லை. இப்படி இருக்கும்போது மனிதர்கள் ஒருவரை ஒருவர் குறை சொல்ல ஆரம்பிப்பார்கள், ஆரம்பித்தார்கள்.

காற்றலையில் நடப்பது இன்னொரு பக்கம். எஃப்.எம். செயற்கைக்கோள் ஒன்றில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும், அதன் காலடியில் இருப்பதோ ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பரப்பில் உள்ள எல்லா ஹாமும். எஸ்ஓ-50 என்று சவுதி அரேபியா 2002-இல் அனுப்பியது ஒன்று உண்டு, கால் வாட் சக்திதான், 74.4 ஹெர்ட்ஸ் டோன் அனுப்பினால் பத்து நிமிடம் விழித்திருக்கும், அப்புறம் 67 ஹெர்ட்ஸ் டோனோடு பேச வேண்டும். சொந்தக் குரல் திரும்பி வருகிறதா என்று கேட்காமலே 50 வாட்டில் மைக் பட்டனை அழுத்திக்கொண்டிருப்பவர்கள் அதன் பாஸை எத்தனையோ முறை வீணாக்கியிருக்கிறார்கள். நேற்றுப் பேசிய அதே நண்பரோடு இன்றும் பேசி, புதிதாக வந்த ஒருவர் தயங்கித் தயங்கி அழைப்பதை மிதித்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. எனக்குக் கோபம் வருவது இங்கேதான். உபகரணம் பழுதாவது யார் கையிலும் இல்லை, கேட்டுவிட்டுப் பேசுவது நம் கையில் இருக்கிறது.

இன்னொரு வருத்தம், மாணவர் செயற்கைக்கோள்கள் பற்றியது. ஹாம் அலைவரிசையில் அனுமதி வாங்கி, மேலே போய், ஹாம்களுக்கு ஒரு உபயோகமும் இல்லாமல் தங்கள் டேட்டாவை மட்டும் இறக்கிக்கொண்டு, அந்த டேட்டாவின் வடிவம் என்ன என்று கேட்டால்கூடப் பதில் போடாத குழுக்கள் உலகம் முழுக்க இருக்கின்றன. செய்த பிள்ளைகள் டிகிரி வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். பெட்டி மட்டும் அனாதையாகச் சுற்றும். பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன், அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தரக்கூடிய நாங்கள் எங்கே இருந்தோம் என்றால், புலம்பிக்கொண்டிருந்தோம்.

விஓ-52 போன பிறகு என் யாகி மாடி அறையில் மூலையில் கிடந்தது. லைசென்ஸ் புதுப்பிக்கும் விண்ணப்பம் ஒரு அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய் எங்கேயோ தங்கிவிட்டது, விசாரித்தால் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பதில். சரி, போதும் என்று விட்டுவிட்டேன். கோபித்துக்கொண்டு என்றும் சொல்லலாம், அலுத்துப் போய் என்றும் சொல்லலாம்.

திரும்பி வந்ததற்குக் காரணம் ஒரு கல்லூரிப் பையன். பக்கத்து ஊர் இன்ஜினீயரிங் கல்லூரி, எலெக்ட்ரானிக்ஸ். யாரோ என் நம்பர் கொடுத்து ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வந்து நின்றார். கையில் லேப்டாப், ரேடியோ சிக்னலை வாங்கக் கம்ப்யூட்டரில் செருகும் ஒரு ஆர்டிஎல் டாங்கிள், பிவிசி பைப்பில் வெல்டிங் ராடு கோத்து அவரே செய்த ஆன்டெனா. ஆம்சாட்டின் ஃபாக்ஸ் வரிசையில் வந்த ஏஓ-91 செயற்கைக்கோளின் பாஸைப் பதிவு செய்திருந்தார், அதில் ஏதோ புரியவில்லை என்றார்.

"அண்ணாச்சி, இங்க பாருங்க. பேசுற சத்தத்துக்கு அடியில என்னமோ ஓடிக்கிட்டே இருக்கு. கேட்டா ஒண்ணும் தெரியல, ஸ்கிரீன்ல மட்டும் தெரியுது."

திரையில் குரல்கள் எழுந்து விழுந்துகொண்டிருந்தன. அதற்கெல்லாம் கீழே, 200 ஹெர்ட்ஸுக்கும் அடியில், காதில் படாமல் ஒரு பட்டை விடாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதுதான் டெலிமெட்ரி. ஃபாக்ஸ் வரிசைச் செயற்கைக்கோள்கள் அப்படித்தான் வடிவமைக்கப்பட்டவை, மேலே மனிதர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அடியில் நொடிக்கு 200 பிட் வேகத்தில் பேட்டரி எவ்வளவு, வெப்பம் எவ்வளவு, சோலார் பலகையில் மின்சாரம் எவ்வளவு என்று சொல்லிக்கொண்டே போகும். ஆம்சாட் தரும் இலவச மென்பொருளைப் போட்டால் அதை எண்களாகப் பிரித்துக் காட்டும், இன்டர்நெட் இருந்தால் அதுவே மத்திய சர்வருக்கும் அனுப்பிவிடும். போட்டுக் கொடுத்தேன். முதல் வரிசை எண்கள் திரையில் விழுந்தபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

"அப்ப இது எல்லாருக்கும் போகுமா அண்ணாச்சி? நாம கேட்டது?"

"போகும் தம்பி. நீங்க கேட்காட்டி இந்துமகா சமுத்திரத்துக்கு மேல அது எப்படி இருந்துச்சுன்னு அவங்களுக்குத் தெரியாம போகலாம்."

சொல்லிவிட்டுத்தான் எனக்கே உறைத்தது. அமெரிக்காவில் இருக்கும் ஃபாக்ஸ் குழுவிடம் உலகம் முழுக்கப் பெரிய ஆன்டெனா வலையமைப்பு ஒன்றும் இல்லை. அவர்கள் செயற்கைக்கோளின் உடல்நிலையைத் தெரிந்துகொள்வது இப்படி எங்கோ மாடியில் நிற்கும் ஆட்கள் அனுப்பும் துண்டு துண்டான எண்களிலிருந்துதான்.

அடுத்த சில மாதங்களில் நான் மைக்கைத் தொடவே இல்லை. பாஸ் வந்தால் பதிவு, டீகோட், அனுப்பு. அவ்வளவுதான் வேலை. ஏஓ-91 பேட்டரி பலவீனமாகிக்கொண்டு வந்த சமயம் அது, பூமியின் நிழலில் இருக்கும்போது யாரும் அதில் பேசாதீர்கள் என்று ஆம்சாட் வேண்டுகோள் விட்டது. நமக்கு நள்ளிரவுப் பாஸ் என்றால் பெரும்பாலும் அதற்கும் இருட்டு, சோலாரில் ஒன்றும் வராது, பேட்டரியைத்தான் உறிஞ்சும். அப்படியும் பேசினார்கள். முன்பெல்லாம் இதைக் கேட்டால் திட்டிவிட்டு ரேடியோவை அணைத்திருப்பேன். இப்போது திரையில் பார்த்தேன், ஒருவர் பட்டனை அழுத்தியதும் மின்னழுத்தம் ஒரு படி இறங்குகிறது, விட்டதும் கொஞ்சம் ஏறுகிறது, மறுபடி அழுத்துகிறார், மறுபடி இறங்குகிறது. அந்தப் படத்தை எடுத்து நம் பகுதியில் அடிக்கடி கேட்கும் ஒருவருக்கு மரியாதையாக, ஒரு குத்தலும் இல்லாமல் அனுப்பினேன். "எனக்கு இது தெரியாது சார், யாரும் இப்படிக் காட்டலையே" என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு அவர் இருட்டுப் பாஸில் வரவில்லை. பல வருடம் ஒருவர் நடத்தையைப் பற்றி ஊரெல்லாம் பேசுவதைவிட ஒரு படம் அதிகம் செய்தது.

இதற்கு அப்புறம்தான் பழைய கதைகளை வேறு கண்ணோடு படிக்க ஆரம்பித்தேன். திரும்பி வந்த ஒவ்வொரு செயற்கைக்கோளுக்குப் பின்னாலும், மற்றவர்கள் விட்டுவிட்ட பிறகும் அலுப்பான ஒரு வேலையைச் செய்துகொண்டிருந்த யாரோ இருக்கிறார்கள்.

1981 அக்டோபரில் போன யூஓசாட்-1 ஒரு உதாரணம். இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் ஸ்வீட்டிங் குழு செய்தது. 1982-இல் ஒரு மென்பொருள் பிழையால் அதன் இரண்டு பீக்கன்களும் ஒரே நேரத்தில் ஓட ஆரம்பித்து, தன் சத்தத்தில் தன் காதே அடைத்துக்கொண்ட நிலை, கீழேயிருந்து போகும் கட்டளை எதுவும் உள்ளே இறங்கவில்லை. மாதக்கணக்கில் போராடி, கடைசியில் ஸ்டான்ஃபோர்டில் இருக்கும் 46 மீட்டர் டிஷ் ஆன்டெனாவை ஹாம்கள் ஏற்பாடு செய்து, அதன் வழியாக இரைச்சலையும் மீறிக் கட்டளையை நுழைத்து மீட்டார்கள். அதே குழுதான் 1985-இல் சிறிய செயற்கைக்கோள் செய்யும் கம்பெனியாக மாறியது.

ஏஓ-7 கதை எல்லோருக்கும் தெரிந்திருக்கும், ஆனாலும் சொல்கிறேன். 1974 நவம்பர் 15 அன்று போனது. 1981-இல் பேட்டரி ஷார்ட் ஆகி நின்றுவிட்டது. எல்லோரும் கணக்கை முடித்துவிட்டார்கள். 21 வருடம் கழித்து, 2002 ஜூன் 21 அன்று, இங்கிலாந்தின் பேட் கோவன் என்ற மூத்த ஹாம் 145.97 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு மோர்ஸ் சிக்னலைக் கேட்டார், எண்களைக் குறித்துப் பார்த்தால் பழைய ஆஸ்கார் காலத்து டெலிமெட்ரி வடிவம். ஷார்ட் ஆகியிருந்த பேட்டரி காலப்போக்கில் ஓப்பன் ஆகியிருக்கிறது, அதனால் சோலார் மின்சாரம் நேராக உள்ளே போக வழி கிடைத்துவிட்டது. வெயில் பட்டால் விழிக்கும், நிழலுக்குப் போனால் அணையும். பழுதே அதை எழுப்பிவிட்டது சரி, ஆனால் அந்த மோர்ஸ் எண்களை அடையாளம் கண்டுகொள்ளத் தெரிந்த ஒரு காது அந்த அலைவரிசையில் இருந்திருக்காவிட்டால் அது எத்தனை வருடம் யாருக்கும் தெரியாமல் கத்திக்கொண்டிருக்குமோ.

ஜப்பானின் எஃப்ஓ-29 இன்னும் அமைதியான கதை, எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். 1996 ஆகஸ்டில் போனது. பேட்டரி தேய்ந்து, நிழலில் நுழைந்தால் அணைந்துவிடுகிற நிலைக்கு வந்தது. அப்படி அணைந்தால் தானாகத் திரும்ப வராது, தரையிலிருந்து ஒருவர் கட்டளை கொடுத்து டிரான்ஸ்பாண்டரைப் போட்டுவிட வேண்டும். ஜப்பானிய ஹாம்கள் வருடக்கணக்கில் அதைச் செய்தார்கள், இந்தத் தேதியில் இந்த நேரத்தில் போட்டுவிடுவோம் என்று முன்கூட்டியே அட்டவணை வெளியிட்டு. நாம் இந்தப் பக்கம் உட்கார்ந்து அதில் இந்தோனேசியாவோடு பேசிவிட்டு "எஃப்ஓ-29 இன்னிக்கு ஆன்ல இருக்கு" என்று சாதாரணமாகச் சொல்கிறோம். அது தானாக ஆனில் இல்லை, யாரோ விழித்து உட்கார்ந்து போட்டிருக்கிறார்கள்.

இங்கேதான் என் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நமக்குச் செயற்கைக்கோள் குறைவு என்பது உண்மை, ஆனால் அதைவிடப் பெரிய குறை, பேச ஆள் இருக்கிற அளவுக்குப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்பது. ஏஓ-95 என்று ஒன்று 2018 டிசம்பரில் போனது, மேலே போய்ப் பார்த்தால் ரிசீவர் வேலை செய்யவில்லை. 2021 ஜனவரியில் போன ஏஓ-109-இல் சிக்னல் மிகவும் பலவீனம். அதற்காகத் தன்னார்வலர்களை எவ்வளவு பேச்சு பேசினார்கள் என்று எனக்குத் தெரியும், சந்தா கட்டிய காசுக்குக் கணக்குக் கேட்பது மாதிரி. பேசியவர்களில் எத்தனை பேர் ஒரு வரி டெலிமெட்ரி அனுப்பியிருப்பார்கள்? ஒரு மாலை நேரத்தைக் கொடுத்திருப்பார்கள்? தன்னார்வலர் ஒருவர் விலகிப் போவது வேலை கடினம் என்பதால் இல்லை, பெரும்பாலும் இந்த மாதிரிப் பேச்சினால்தான். அவர் போனால் அந்த இடத்துக்கு இன்னொருவர் வருவதில்லை, அது அப்படியே காலியாகக் கிடக்கிறது.

புது வழிகள் திறந்ததும் இதே மாதிரி ஆட்களால்தான். சொந்த ராக்கெட் இடத்துக்காக வருடக்கணக்கில் காத்திருந்த ஜெர்மானிய ஹாம்கள், கத்தார் நாட்டின் வணிகத் தொலைக்காட்சிச் செயற்கைக்கோள் ஒன்றிலேயே ஹாம் டிரான்ஸ்பாண்டரை ஏற்றிவிட வழி கண்டார்கள். 2018 நவம்பர் 15 அன்று போன அதுதான் க்யூஓ-100, புவிநிலைப் பாதையில் இருக்கும் முதல் ஹாம் டிரான்ஸ்பாண்டர். தமிழ்நாட்டிலிருந்து மேற்கே சுமார் 30 டிகிரி உயரத்தில் அசையாமல் நிற்கிறது, ஒரு சாதாரண டிடிஎச் டிஷ்ஷும் எல்என்பியும் டாங்கிளும் இருந்தால் 10489 மெகாஹெர்ட்ஸில் பிரேசில் முதல் தாய்லாந்து வரை பேசுவது கேட்கும். அளவுக்கு மீறிய சக்தியில் யாராவது பேசினால் அவர் குரல் மேலேயே சைரன் போடும் ஏற்பாடு ஒன்றும் வைத்திருக்கிறார்கள், லைலா என்று பெயர், ஏஓ-40 காலத்திலேயே உருவானது. அந்தச் செயற்கைக்கோள் போனாலும் அதற்காகச் செய்த வேலை வீணாகவில்லை பாருங்கள்.

சாட்நாக்ஸ் என்ற தரைநிலைய வலையமைப்பு இன்னொன்று. கிரீஸில் தொடங்கியது, 2014-இல் ஹேக்கடே பரிசு வாங்கியது. ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டர், ஒரு டாங்கிள், ஒரு ஆன்டெனா வைத்து நம் வீட்டு மாடியையே ஒரு தரைநிலையமாக்கி வலையமைப்பில் இணைத்துவிடலாம், நாம் தூங்கும்போதும் அது கேட்டுக்கொண்டிருக்கும். ஒரே ராக்கெட்டில் க்யூப்சாட் என்ற குட்டிச் செயற்கைக்கோள்கள் பல பத்து போய்க் கூட்டமாகப் பிரியும்போது எது எது என்று முதல் நாட்களில் யாருக்கும் தெரியாது. அப்போது இந்த மாடிகளிலிருந்து வரும் டாப்ளர் (செயற்கைக்கோள் ஓடும் வேகத்தால் அதிர்வெண் மாறுவது) பதிவுகளை வைத்து, அதிர்வெண் எந்த நொடியில் எவ்வளவு இறங்கியது என்று பார்த்து, இந்தப் பொருள்தான் இந்தச் செயற்கைக்கோள் என்று ஹாம்கள் அடையாளம் சொல்கிறார்கள். பல்கலைக்கழகக் குழுக்கள் தங்கள் பிள்ளை உயிரோடு இருக்கிறதா என்பதை முதலில் தெரிந்துகொள்வது பல நேரம் முகம் தெரியாத ஒரு ஹாமிடமிருந்துதான்.

அந்தப் பையன் படிப்பு முடித்து பெங்களூரில் வேலைக்குப் போய்விட்டார், நடுவில் தேர்வு எழுதி லைசென்ஸும் வாங்கிவிட்டார். போவதற்கு முன்னால் ஒரு நாள் கல்லூரி மாடியில் அவருடைய ஜூனியர்களோடு ஏஓ-7 பாஸ் கேட்டோம். பேச அல்ல, கேட்க மட்டும். நண்பகல் வெயில், தளம் சுட்டது. தெற்கே கடல் பக்கமிருந்து எழும்பி வந்தது. முதலில் இரைச்சல், அப்புறம் இரைச்சலுக்குள் மெல்லிசாக மோர்ஸ், ஆன்டெனாவை மணிக்கட்டில் கால் சுற்றுத் திருப்பியதும் பளிச்சென்று தெளிந்தது. எண்கள் எண்களாக வந்து, நடுவில் "ஹை ஹை". எங்கோ யாரோ அதிக சக்தியில் பேச, பீக்கன் சுருதி வழுக்கி இறங்கி, அவர் விட்டதும் பழைய இடத்துக்கு ஏறியது. பேட்டரி இல்லாத பெட்டி, தாங்கிப் பிடிக்க ஒன்றும் கிடையாது, யாராவது அழுத்தினால் உடனே காட்டிவிடும். ஒரு பிள்ளை எந்த வருடம் போனது என்று கேட்டார். 1974 என்றேன். "எங்க அப்பாவே அதுக்கப்புறம்தான் பொறந்தாங்க" என்றார் அவர், மற்றவர்கள் சிரிக்கவில்லை, ஆன்டெனாவை யார் அடுத்துப் பிடிப்பது என்று அடித்துக்கொண்டார்கள்.

நானும் மறுபடி பேச ஆரம்பித்துவிட்டேன். ஆர்எஸ்-44 என்ற ரஷ்யச் செயற்கைக்கோள் அருமையாக வேலை செய்கிறது, உயரமான பாதை, பாஸ் இருபது நிமிடம் போல நீளும், அவசரமில்லாமல் நாலு வார்த்தை பேசலாம். சண்டைகள் முடிந்துவிடவில்லை. இருட்டில் அழுத்துகிறவர்கள் இருக்கிறார்கள், டேட்டா வடிவம் கேட்டால் பதில் போடாத குழுக்கள் இருக்கின்றன, மூத்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள், அவர்கள் தலையில் இருந்த விஷயங்கள் எழுதி வைக்கப்படாமலே போகின்றன. எனக்கு இப்போதும் கோபம் வருகிறது. வந்தால் மாடிக்குப் போகிறேன், ஒரு பாஸ் பதிவு செய்கிறேன்.

தொடங்க நினைப்பவர்களுக்கு: 437.800 மெகாஹெர்ட்ஸை டாங்கிளில் போட்டு, சர்வதேச விண்வெளி நிலையம் தலைக்கு மேல் வரும் நேரம் பார்த்து, எஃப்.எம்.மில் கேளுங்கள். அங்கே கேட்ட குரலைத் திருப்பி அனுப்பும் ஒரு ஹாம் ரிப்பீட்டர் 2020 செப்டம்பரிலிருந்து இருக்கிறது, ஆனில் இருந்தால் முதல் நாளே குரல் கேட்கும். டாப்ளரால் சிக்னல் ஆரம்பத்தில் 10 கிலோஹெர்ட்ஸ் மேலே இருக்கும், கடைசியில் அதே அளவு கீழே போகும், கூடவே நகர்த்திக்கொண்டு போக வேண்டும். கேட்டுப் பழகிய பிறகு பேசலாம், தேர்வு கடினம் இல்லை, நான் சொல்லித் தருகிறேன்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். கல்லூரி மாடியில் இப்போது இருக்கும் ஆன்டெனா அசையாதது, தாழ்வான பாஸ்கள் விட்டுப் போகின்றன. பிள்ளைகள் திரும்பும் ஆன்டெனா போட ஆசைப்படுகிறார்கள். கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி, தூத்துக்குடி பக்கம் யாரிடமாவது பழைய ஆன்டெனா ரோட்டேட்டர் சும்மா கிடந்தால் சொல்லுங்கள், ஓடாததாக இருந்தாலும் பரவாயில்லை, மோட்டாரும் கியரும் நன்றாக இருந்தால் போதும், மீதியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். நான் நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.